பத்து எண்ணும் மேசை

அந்தச் சீட்டாட்ட மேசையிலிருந்து என்னைத் தூக்கி வெளியே போட்டதில் முழு நியாயம் இருந்தது. அன்றைக்கு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன். இப்போது நானே சொல்கிறேன், தப்பு என்மேல்தான்.

நான் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறவள். பத்தொன்பது வருடம். டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சின்மேல் மெழுகு வைத்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பக்கத்துப் பல்லோடு இடிக்காமல், மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சரியாகப் பொருந்தும்படி நிறுத்துவது என் வேலை. மயிரிழை தவறினாலும் யாரோ ஒருவர் சாப்பிடும்போது கன்னத்தைக் கடித்துக்கொள்வார். எதிர் மேசை அண்ணனுக்கும் எனக்கும் தினமும் போட்டி நடக்கும். அவர் எப்போதும் என்னைவிட இரண்டு பல் முன்னால் இருப்பார், அதைச் சீட்டியடித்துச் சொல்லிக்காட்டவும் செய்வார்.

அப்படிப்பட்ட வலது கை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பிரஷ்ஷைக் கீழே போட்டது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். பக்கவாதம். காலும் பேச்சும் மூன்று வாரத்தில் திரும்பி வந்துவிட்டன. பேச்சு முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது என்பது என் வீட்டுக்காரரின் கருத்து. கை மட்டும் வரவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வந்த பிசியோ பெண்தான் இந்த வழியைச் சொன்னாள்.

“டேப்லெட்ல சீட்டு விளையாடுங்கக்கா. வலது கையாலதான் சீட்டைத் தொடணும், இழுக்கணும், நடுவுல விடணும். இடது கை மடியை விட்டு எழுந்திருக்கவே கூடாது.”

நாலு பேர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்கு எட்டுச் சீட்டு, ஒரு துருப்பு. காசெல்லாம் கிடையாது, வெறும் புள்ளிதான். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கைவந்த ஆட்டம் என்பதால் தெம்பாகப் போய் உட்கார்ந்தேன். ஆனால் அங்கே ஒவ்வொருவர் முறைக்கும் பத்து விநாடிதான். என் விரல் சீட்டைத் தொடுவதற்கே எட்டு விநாடி ஆகும், இழுக்கும்போது வழுக்கிப் பழைய இடத்துக்கே போய்விடும். மூன்று முறை நேரம் தவறினால் மேசை தானாகவே நம்மை வெளியே தள்ளிவிடும். தள்ளுவதற்கு முன் மற்றவர்கள் எழுதுவார்கள் பாருங்கள்! “தூங்கிட்டீங்களா?” “கை இருக்கா இல்லையா?” கை இருக்கா என்று கேட்டவனுக்கு நான் எழுதிய பதிலை இங்கே எழுத முடியாது.

இப்படி ஒரே வாரத்தில் பதினோரு மேசைகளிலிருந்து தள்ளப்பட்ட பிறகுதான் அந்தப் பன்னிரண்டாவது மேசை கண்ணில் பட்டது. மேசைக்குக் கடிகாரமே இல்லை. நாலில் ஓர் இடம் காலி. இவ்வளவு போதாதா? விழுந்தடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கையில் ஐந்து சீட்டுகள் வந்தன, ஆட்டம் பாதியில் இருந்தது. அதைப் பற்றியெல்லாம் யார் யோசித்தார்கள்? தட்டுத்தடுமாறிக் கடைசியில் என் விரலில் மாட்டியது துருப்பின் பெரிய சீட்டு. அதையே இழுத்து நடுவில் விட்டேன். ஜோடி ஏற்கனவே பிடித்து வைத்திருந்த சீட்டுகளின்மேல், அநியாயமாக.

“யாருங்க நீங்க?” என்று எழுத்து வந்தது. மேசையின் சொந்தக்காரர், பெயருக்குப் பதில் ‘பூட்டு’ என்று போட்டிருந்தார். “அது கிரேன்ங்கிறவரோட சீட்டு. வாசல்ல பார்சல் வந்திருக்கு, ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டுப் போயிருக்கார்.”

பதில் எழுத எனக்கு நேரம் எடுக்கும் அல்லவா? அதற்குள் வெளியே கிடந்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் டேப்லெட்டை மெத்தையில் எறிந்தேன். என் வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் வீட்டில்தான் இருப்பார். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, எனக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

“ஒருத்தர் கை கழுவப் போன நேரத்துல அவர் இடத்துல உட்கார்ந்து அவர் தட்டுலயே கை வச்சிருக்கே. வேற யாராவதா இருந்தா அடிச்சே விரட்டியிருப்பாங்க.”

“காலியா இருந்துச்சுங்க!”

“காலியா இருந்தா? பஸ்ல கர்சீப் போட்டுட்டுப் போனா அது இடம் இல்லையா?”

அவரோடு பேசிப் பயனில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது டேப்லெட்டில் மணி அடித்தது. பூட்டுதான் தனியாக எழுதியிருந்தார்.

“கோவிச்சுக்காதீங்க. புதுசு போல இருக்கு. எங்க மேசையில வந்தவுடனே உட்கார மாட்டோம். முதல்ல வணக்கம் சொல்லிட்டு ஓரமா நின்னு ஒரு ஆட்டம் பார்ப்போம். சுத்து முடிஞ்சதும் உட்காரலாமான்னு கேட்போம். வர்றேன்னு சொல்லிட்டு எழுந்து போனவங்க இடத்தை யாரும் தொட மாட்டோம், அது எத்தனை நாள் ஆனாலும் சரி. நம்மளைப் பத்தி மத்தவங்களுக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருந்தா உட்காரறதுக்கு முன்னாடியே சொல்லிடுவோம். அவ்வளவுதான். எங்ககூட ஆடற டீச்சரம்மாவுக்கு எதிர் இடம் நாளைக்கு ஒரு ஆட்டத்தோட நிஜமாவே காலி, அதுல ஆடற அவங்க தங்கச்சிக்கு வேலை கிடைச்சிருச்சு. வாங்க.”

போகக் கூடாது என்று முடிவுகட்டினேன். யாரிடமும் போய் நின்று ‘உட்காரலாமா’ என்று கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அடுத்த நாள் பதினொன்றரை மணிக்குப் போனேன்.

வணக்கம் எழுதுவது சுலபமாக இருந்தது. அடுத்ததுதான் எழுத வரவில்லை. என்னைப் பற்றித் தெரிய வேண்டியது. சொந்த அக்காவிடம்கூடப் போனில் ‘கை பரவாயில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இடது கையால் மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். நாலாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். “எனக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கை சரியில்லை. அந்தக் கையாலதான் ஆடணும்னு பிசியோ சொல்லியிருக்காங்க. ரொம்ப மெதுவா ஆடுவேன். பரவாயில்லைன்னா உட்காரலாமா?”

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பூட்டு எழுதினார். “முதல்ல ஒரு ஆட்டம் நின்னு பாருங்க. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

நின்று பார்த்தேன். தங்கச்சி அன்றைக்குக் கடைசியாக ஆடினாள். ஐயோ, என்ன மெதுவான ஆட்டம்! ஒவ்வொரு சீட்டும் இடத்தை விட்டு நகர்வதற்குள் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். சுற்று முடிந்ததும் டீச்சரம்மா எழுதினார். “பார்த்தீங்கல்ல? எனக்குக் கண்ணாடி மாத்தணும், ஒவ்வொரு சீட்டையும் உத்து உத்துப் பார்த்துத்தான் போடுவேன்.” பூட்டு, “எனக்கு முப்பது வருஷமா சாவி ராவி ராவி விரல் மரத்துப்போச்சு” என்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், அந்தப் பார்சல்காரர், “எங்க வீட்டு இன்டர்நெட் ஆமை மாதிரி. இங்க யாருக்குமே அவசரம் இல்ல. உட்காருங்க” என்று முடித்தார்.

அன்றைக்கு நான் அந்த மேசையில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பதினோரு மேசைகளில் நான் ஒருத்திதான் மந்தம். இங்கே நாலு பேருமே மந்தம். இதைவிட ஒரு மனுஷிக்கு வேறு என்ன வேண்டும்?

என் வேலையைச் சொன்னதும் ‘பல்லுக்காரி’ என்று எனக்குப் பேர் வைத்தார்கள். தினமும் பதினொன்றரைக்கு ஆட்டம். பூட்டு தன் கடையில் உட்கார்ந்தபடி ஆடுவார், டீச்சரம்மா ஓய்வு பெற்றவர், கிரேனுக்கு வேலை சாயங்காலத்துக்கு மேல். ஆறு சுற்று முடிந்ததும் ஆட்டம் எத்தனை நிமிடம் ஓடியது என்று திரையில் வரும். முதல் நாள் ஐம்பத்தெட்டு. அதைக் காலண்டரில் குறித்து வைத்தேன். ஒரு மாதத்தில் ஐம்பது ஆனது. மூன்றாவது மாதக் கடைசியில் நாற்பத்திரண்டு. ஒவ்வொரு நிமிடம் குறையும்போதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவேன். அவரும் பேருந்துப் பந்தயத்தில் ஜெயித்த மாதிரி கை தட்டுவார்.

அதற்கப்புறம் நாற்பத்திரண்டிலேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். அதே நாற்பத்திரண்டு.

நடுவில் சில நாள் என் விரல் சீட்டின்மேல் சீக்கிரமே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் உடனே போட மனசு வராது. எதிரே டீச்சரம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்ப்பார், பூட்டுக்கு விரல் மரத்திருக்கும், நான் மட்டும் டக் டக்கென்று போட்டால் அவர்களுக்கு என்னமோ போல இருக்காதா? அதனால் கொஞ்சம் பொறுத்துப் போடுவேன். போகப் போக, மரியாதைக்காகத் தாமதிக்கிறேனா, கையே தாமதிக்கிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போய்விட்டது. காலண்டரில் இருந்த எண்ணைத்தான் நம்பினேன்.

அப்படியிருக்கும்போதுதான், ஒரு புதன்கிழமை, லேபிலிருந்து மேடம் போன் செய்தார்.

“அவசரப்படுத்தறேன்னு நினைக்காதீங்க. ஏழு மாசமா உங்க மேசையை யாரையும் தொட விடல. எதிர் மேசை அண்ணன்தான் தினமும் அதைத் துடைச்சு வைக்கறார். ஆனா வேலை குவிஞ்சு கிடக்கு. வேற லேப்ல இருந்து ஒரு பொண்ணு வரத் தயாரா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.”

அவர் மேல் கோபப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

“வரலைன்னு சொல்லிடப் போறேன்” என்றேன் வீட்டுக்காரரிடம். “ரெண்டு மாசமா அதே நாப்பத்திரெண்டு. கை இதுக்குமேல வராது.”

“பிசியோ பொண்ணு நல்லா இருக்குன்னு சொல்லுதே?”

“அது நம்மகிட்ட சம்பளம் வாங்குற பொண்ணு. நல்லா இல்லைன்னா சொல்லும்?”

அவர் பேருந்துச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மேசைக்குப் போனதும் அவர்களிடமும் சொல்லிவிட்டேன். “நாளைக்கு என் வேலையை விட்டுடறதா சொல்லப் போறேன். என்னமோ உங்ககிட்டயும் சொல்லணும்னு தோணுச்சு.” மூவரும் மாறி மாறி எழுத ஆரம்பித்தார்கள், எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று புள்ளிகள் துள்ளின. அதற்குள் சீட்டு பிரிந்து கைக்கு வந்துவிட்டது. மேசையின் மூலையில், அதுவரை அங்கே நாங்கள் பார்த்தேயிராத ஒரு சிவப்பு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. ஏழு, ஆறு, ஐந்து.

“ஐயையோ!” என்று கிரேன் எழுதினார். “அப்டேட் வந்திருக்கு! எல்லா மேசைக்கும் கடிகாரம் போட்டுட்டாங்க! ஏழு செகண்ட்!”

“என்னால நிறுத்த முடியல” என்றார் பூட்டு. “பல்லுக்காரி, பதறாதீங்க.”

நான் எனக்காகப் பதறவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு டீச்சரம்மாவின் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது. பாவம், அந்த அம்மா ஏழு விநாடிக்குள் எந்தச் சீட்டைப் பார்ப்பார்? பாதியில் ஆட்டத்தைக் கைவிட்டால் ஜோடி தோற்றுப்போவார், அதனால் எங்கள் மேசையில் யாரும் அப்படிச் செய்ய மாட்டோம். மூன்று முறை தவறினால் மேசையே வெளியே தள்ளிவிடும். சரி, என் சீட்டையாவது நான் சீக்கிரம் போட்டால், அவர் யோசிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். போட்டேன். பக்கத்தில் கிரேன் உடனே போட்டார். டீச்சரம்மா உடனே போட்டார். பூட்டு, நான் கண்ணிமைப்பதற்குள், துருப்பால் வெட்டினார். அடுத்தது, அதற்கடுத்தது. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. சீட்டுகள் மழை மாதிரி விழுந்தன. ஒன்றரை நிமிடத்தில் முப்பத்திரண்டு சீட்டும் தீர்ந்துபோய் சுற்று முடிந்தது.

புதிய அப்டேட்டில் இன்னொரு வசதியும் வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு சீட்டுக்குச் சராசரியாக எத்தனை விநாடி எடுத்தார் என்று கீழே காட்டியது. கிரேன் 1.6. பூட்டு 1.8. டீச்சரம்மா 2.1. பல்லுக்காரி 2.9.

நான் அந்த எண்களைத் திரும்பவும் முதலிலிருந்து படித்தேன்.

“டீச்சரம்மா, உங்க கண்ணாடி?” என்று நான்தான் கேட்டேன்.

“எனக்குக் கண்ணாடியே கிடையாதும்மா” என்று பதில் வந்தது.

“பூட்டு சார், விரல் மரத்துப்போச்சுன்னீங்களே?”

“மரத்த விரலால பூட்டைத் திறக்க முடியுமாங்க? கொஞ்சம் யோசிச்சுப் பார்க்க வேண்டாமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஐந்து மாதம்! ஐந்து மாதமாக மூன்று பேரும் சேர்ந்து என்னைக் குழந்தை மாதிரி நடத்தியிருக்கிறார்கள். “இது நல்லா இருக்கா? என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது உங்களுக்கு? பொய் சொல்லிப் பொய் சொல்லி என்னை உட்கார வச்சிருக்கீங்க!” என்று பொரிந்து தள்ளினேன்.

டீச்சரம்மா அமைதியாக எழுதினார். “நாங்க பொய் சொன்னோம், ஒத்துக்கறோம். நீங்க எப்போலேர்ந்து இப்படி ரெண்டு பாயின்ட் ஒன்பதுல ஆடறீங்க? அதைச் சொல்லுங்க முதல்ல.”

“நீங்கதான் எல்லாரும் மெதுவான ஆளுங்கன்னு... உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு...” என்று இழுத்தேன்.

“அட கடவுளே!” என்றார் கிரேன். “அப்ப ரெண்டு மாசமா நாலு பேரும் சீட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒருத்தருக்காக ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருக்கோமா?”

அதற்கப்புறம் எங்களால் ஆடவே முடியவில்லை. மிச்சச் சுற்றுகளில் கடிகாரம் எங்களை ஒவ்வொருவராக வெளியே தள்ளியது, நாங்கள் பாட்டுக்கு ஓரமாக நின்று எழுதிக்கொண்டே இருந்தோம். டீச்சரம்மா ஒவ்வொரு சீட்டுக்கும் மனசுக்குள் பத்து எண்ணுவாராம். எண்ணும் நேரத்தில் பின்னியே இரண்டு ஸ்வெட்டர் முடித்துவிட்டாராம். பூட்டும் பத்துதான், அந்த நேரத்தில் கடைக்கு வந்தவர்களுக்குச் சாவி வெட்டிக் கொடுத்திருக்கிறார். கிரேன் எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை தூங்கியே போயிருக்கிறார். “அன்னிக்கு இன்டர்நெட் போச்சுன்னு சொன்னீங்களே?” என்று கேட்டேன். “அது குறட்டைங்க” என்றார். முதல் நாள் நான் ஓரமாக நின்று பார்த்தேனே, அந்த ஆட்டத்திலேயே தங்கச்சி உட்பட நாலு பேரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்களாம்.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்னைத் தெரியாது, என் முகம் தெரியாது, நான் முதல் நாள் செய்தது ஓர் அடாவடி. அந்த மூன்று பேர் எனக்காக ஒரு நாளைக்கு எத்தனை பத்து எண்ணியிருப்பார்கள்? “உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றது?” என்று எழுதினேன்.

“எழுத்து இவ்வளவு வேகமா வருதே, முதல்ல உங்க கையைப் பாருங்க” என்றார் பூட்டு.

பார்த்தேன். இவ்வளவு நேரமும் நான் இரண்டு கையாலும் எழுதிக்கொண்டிருந்தேன்.

மாலைச் சவாரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரரை வாசலில் மறித்து, கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினேன். “பிசியோ பொண்ணு சொன்னா நம்ப மாட்டே” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு மேடத்துக்குப் போன் செய்தேன்.

“வர்றேன் மேடம். ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கொஞ்ச நாள் மெதுவாதான் செய்வேன். பரவாயில்லையா?”

பத்தொன்பது வருடத்தில் நான் அவரிடம் எதையும் இப்படிக் கேட்டதில்லை. “வந்து உட்காருங்க முதல்ல” என்றார்.

மேசையில் என் இடத்தைத்தான் விட வேண்டியிருந்தது. பகல் முழுக்க வேலை, பதினொன்றரைக்கு எப்படிப் போவேன்? வெள்ளிக்கிழமை அதைச் சொன்னபோது டீச்சரம்மா, “வர்றேன்னு சொல்லிட்டுப் போறீங்களா, சொல்லாமப் போறீங்களா?” என்று கேட்டார். “ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வர்றேன்” என்றேன். “அப்ப அது உங்க இடம்” என்றார். மற்ற நாட்களில் வேறு யாராவது கேட்டுவிட்டு ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு.

திங்கட்கிழமை காலை லேபுக்குள் நுழைந்தபோது என் மேசை பளபளவென்று இருந்தது. மெழுகுக் கத்தி நான் வைத்த இடத்திலேயே, நான் வைத்த சாய்விலேயே கிடந்தது. எதிர் மேசை அண்ணன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். ஆளுக்கு ஒரு மேல் தாடை. மெழுகைச் சூடாக்கி, முதல் பல்லை எடுத்து, நட்டு, கொஞ்சம் சாய்த்து, நிமிர்த்தி, எதிர்த் தாடையோடு வைத்துப் பார்ப்பதற்குள் எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் பல் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அண்ணனும் முதல் பல்லில்தான் இருந்தார்.

இரண்டாவது பல். எனக்கு அதற்கும் அவ்வளவு நேரம் ஆனது. நிமிர்ந்தேன். அவரும் இரண்டாவது பல்லில். இந்நேரத்துக்கு எட்டாவது பல்லில் சீட்டியடித்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதர், அடுத்த பல்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

இதை நான் முன்பு பார்த்திருந்தால் வேலை தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று கிண்டல் செய்திருப்பேன். இப்போது மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தேன்.

“பத்து ஆயிடுச்சுண்ணே, வைங்க” என்றேன்.

அவர் திடுக்கிட்டார். காது வரை சிவந்துபோனது. “என்ன பத்து? நான் என்ன எண்ணினேன்?”

“ஒண்ணும் இல்லண்ணே. ரொம்ப நன்றி. நீங்க உங்க வேகத்துலயே போங்க, நான் பின்னாடி வந்துடறேன்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவது பல்லை வைத்தார், நாலாவதை வைத்தார், ஐந்தாவதை வைக்கும்போது மெல்ல சீட்டியடிக்கத் தொடங்கினார். நான் என் மூன்றாவது பல்லை எடுத்தேன்.